கம்யூனிட்டி காலேஜ் வழியாக டென்டல் ஸ்கூல் போக நினைப்பவர்கள், ஆலோசகருக்குப் பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

ஒரு கெமிஸ்ட்ரி பாடத்துக்கு நான் கல்லூரிக்குக் கட்டியது 155 டாலர். எந்தக் கெமிஸ்ட்ரியை எடுக்க வேண்டும் என்று சொன்னவருக்குக் கட்டியது 2,400 டாலர். அவர் சொன்னது தப்பான கெமிஸ்ட்ரி.

நான் கோயம்புத்தூரில் பயோடெக்னாலஜி படித்தவள். கல்யாணமாகி கலிபோர்னியா வந்து, சின்னவனும் பள்ளிக்குப் போக ஆரம்பித்த பிறகு, பல் மருத்துவராகும் பழைய ஆசை மறுபடி தலைதூக்கியது. இந்தியாவில் பி.டி.எஸ். முடித்தவர்களுக்கு இங்கே தனி வழி உண்டு. என்னைப் போன்றவர்கள் அடியிலிருந்து வர வேண்டும். பயாலஜி, ஜெனரல் கெமிஸ்ட்ரி, ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ், எல்லாமே லேபோடு. பல இடங்களில் பயோகெமிஸ்ட்ரியும் கேட்பார்கள். அதற்கு மேல் டி.ஏ.டி. என்ற பல் மருத்துவ நுழைவுத் தேர்வு. பாடத்தின் அளவை இங்கே யூனிட் கணக்கில் சொல்வார்கள். கலிபோர்னியாவில் வசிப்பவர்களுக்கு கம்யூனிட்டி காலேஜில், அதாவது இரண்டு ஆண்டு உள்ளூர் அரசுக் கல்லூரியில், செமஸ்டர் யூனிட்டுக்கு 46 டாலர்தான், அதைவிடக் குறுகிய பருவமான குவார்ட்டரின் யூனிட் என்றால் 31. இவ்வளவு மலிவாக எங்கே கிடைக்கும்? கம்யூனிட்டி காலேஜைத் தேர்ந்தெடுத்ததில் எனக்கு இன்றுவரை வருத்தம் இல்லை.

ஆலோசகரைப் பிடித்ததுதான் வினை. வாட்ஸ்அப் குழு ஒன்றில் அறிமுகமானவர், நம்ம ஊர்க்காரர், பேச்சில் தேன் ஒழுகும். "உங்க பி.டெக்கே பாதி வேலையை முடிச்சிருச்சு சிஸ்டர், மீதியை நான் பார்த்துக்கறேன்" என்றார். ஒப்பந்தம் கேட்டேன். "நமக்குள்ள எதுக்கு சிஸ்டர் அதெல்லாம்?" என்றார். அங்கேயே போனை வைத்திருக்க வேண்டும். பேங்க் கணக்கிலிருந்து நேரடியாகப் பணம் அனுப்பும் ஸெல் (Zelle) ஆப்பில் பணத்தை அனுப்பினேன். அப்படி நாமே அனுப்பிய பணத்தைத் திரும்ப எடுப்பது குதிரைக் கொம்பு என்பது அப்புறம் பேங்கில் கேட்டபோதுதான் தெரிந்தது.

முதல் குவார்ட்டரில் நர்சிங் மாதிரியான படிப்புகளுக்குப் போகிறவர்கள் எடுக்கும் அறிமுகக் கெமிஸ்ட்ரியில் சேரச் சொன்னார். சுலபமாக 'ஏ' வாங்கிவிடலாமாம். வாங்கினேன். டென்டல் ஸ்கூல் கேட்பது சயின்ஸ் மேஜர் மாணவர்கள் எடுக்கும் ஜெனரல் கெமிஸ்ட்ரி. பாடத்தின் பெயரில் 'கெமிஸ்ட்ரி' இருந்தால் போதாது. அந்த 'ஏ' இப்போது என் மார்க் பட்டியலில் அழகாக உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்தது கணக்கு. இதில்தான் நிறையப் பேர் விழுகிறார்கள். என் கல்லூரி குவார்ட்டர் முறையில் நடப்பது. பெரும்பாலான டென்டல் ஸ்கூல்கள் ஜெனரல் கெமிஸ்ட்ரியில் கேட்பது 8 செமஸ்டர் யூனிட். ஒரு குவார்ட்டர் யூனிட் என்பது செமஸ்டர் யூனிட்டில் மூன்றில் இரண்டு பங்கு. ஜெனரல் கெமிஸ்ட்ரி ஒவ்வொரு பகுதியும் 5 குவார்ட்டர் யூனிட். இரண்டு பகுதி முடித்தால் 10, மாற்றிப் பார்த்தால் 6.67. எட்டைத் தொட மூன்றாவது பகுதியும் வேண்டும். ஆர்கானிக் கெமிஸ்ட்ரியும் மூன்று பகுதி முடிந்த பிறகுதான். எக்ஸெல் ஷீட்டில் கலர் கலராகத் திட்டம் போட்டுத் தந்த மனிதருக்கு இந்தப் பெருக்கல் தெரியவில்லை. இரண்டு பகுதியோடு நிறுத்தச் சொன்னார், நிறுத்தினேன்.

மூன்றாவது, பிசிக்ஸ். சின்னவனுக்கு உடம்பு சரியில்லாத குவார்ட்டரில் 'டி' வாங்கினேன். திரும்ப எடுத்தால் பழையது அழிந்துவிடும் என்றார். கல்லூரியின் சராசரியில் அது உண்மை, புது மார்க்தான் சேரும். ஆனால் பெரும்பாலான டென்டல் ஸ்கூல்களுக்கான பொது விண்ணப்பமான ஆட்சாஸில் இரண்டு மார்க்கையும் சேர்த்துத்தான் சராசரி போடுவார்கள். ஆலோசகர் எனக்குக் கணக்கிட்டுக் கொடுத்த ஜி.பி.ஏ.வில், அதாவது அந்த மார்க் சராசரியில், அந்த 'டி' இல்லவே இல்லை. அதை நம்பி விண்ணப்பிக்கும் பள்ளிகளின் பட்டியல்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன்.

விஷயம் வெளிவந்தது தற்செயலாக. பயோகெமிஸ்ட்ரி பெரும்பாலான கம்யூனிட்டி காலேஜ்களில் கிடையாது, அது நான்கு ஆண்டுப் பல்கலைக்கழகத்தின் மேல்நிலைப் பாடம். எங்கே எடுத்தால் ஏற்றுக்கொள்வீர்கள் என்று கேட்டு ஐந்து பள்ளிகளுக்கு நானே மெயில் அனுப்பினேன். போகிற போக்கில், முடித்த பாடங்களின் எண்களையும் எழுதியிருந்தேன். ஒரு வாரத்துக்குள் நான்கு பதில்கள். ஒரு சல்லிக்காசு செலவில்லை. அறிமுகக் கெமிஸ்ட்ரி செல்லாது, யூனிட் போதாது, இந்திய பி.டெக் பாடங்கள் இங்கே எடுக்க வேண்டியவற்றுக்கு ஈடாகாது என்று நான்கிலும் எழுதியிருந்தார்கள். ஒரு பள்ளி கம்யூனிட்டி காலேஜ் யூனிட்களுக்கே உச்சவரம்பு வைத்திருக்கிறது. இன்னொன்று ஆன்லைன் லேபை ஏற்காது. பள்ளிக்குப் பள்ளி விதி வேறு. நீங்கள் சேரும் பாடத்தின் எண்ணையும் பாடத்திட்டத்தையும் இணைத்து, பள்ளிகளிடமே கேளுங்கள். பாடத்துக்குப் பதிவு செய்வதற்கு முன்பே கேளுங்கள். எழுத்தில் வந்த பதிலைப் பத்திரமாக வையுங்கள்.

நான்கு மெயிலையும் ஆலோசகருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீல டிக் வந்தது. இரண்டு நாள் கழித்து, "ஒவ்வொரு ஸ்கூலும் ஒவ்வொரு மாதிரி சிஸ்டர், நம்பிக்கையை விட்றாதீங்க" என்று ஒரு வாய்ஸ் மெசேஜ். பணத்தைக் கேட்ட அன்றே குழுவிலிருந்து என்னைத் தூக்கிவிட்டார். அங்கே அவரைப் புகழ்ந்து எழுதிய இருவரைத் தேடிப் பிடித்துப் பேசினேன். ஒருவர் இன்னும் விண்ணப்பிக்கவே இல்லை. இன்னொருவர் அவருடைய மைத்துனி.

என் வீட்டுக்காரர், "போனது போகட்டும், விடு" என்கிறார். எனக்கு மனசு ஆறவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினேன், வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்தும் போட்டிருக்கிறார். பதில் இல்லாததால், சிறு தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டில் மனு கொடுத்திருக்கிறேன். இந்தத் தொகைக்கு மனுக் கட்டணம் 50 டாலர், வக்கீல் வைக்க முடியாது, நாமே பேச வேண்டும். பிரிண்ட் எடுத்த மெயில்கள், வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்கள், அந்தக் கலர் எக்ஸெல் ஷீட் எல்லாம் ஒரு ஃபைலில் இருக்கின்றன.

கெமிஸ்ட்ரி மூன்றாம் பகுதிக்கு வெயிட்லிஸ்டில் ஏழாவது ஆளாக நிற்கிறேன். அந்த ஆள் இப்போது நர்சிங்குக்கும் ஆலோசனை தருகிறாராம், வேறு பெயரில் புதுக் குழு.