எட்டு வருடம், மூன்று பெட்டி: தென்காசி மாடியிலிருந்து ஓர் அனுபவம்

எங்கள் வீட்டில் இப்போது இரண்டு செட்டாப் பாக்ஸ் ஓடுகிறது. கூடத்தில் மாதாமாதம் ரீசார்ஜ் செய்கிற தனியார் டி.டி.எச். (மாடியில் டிஷ் வைத்துச் செயற்கைக்கோளிலிருந்து நேராகப் பிடிப்பது), தோட்டத்து வீட்டில் தூர்தர்ஷனின் இலவச டி.டி.எச்.சான டிடி ஃப்ரீ டிஷ். இவற்றுக்கு முன்னால் இருந்த கேபிள் பெட்டி பரணில் கிடக்கிறது. திருப்பிக் கேட்டு இதுவரை யாரும் வரவில்லை. புது வீட்டுக்கு எதை வாங்கலாம் என்று போன வாரம் தம்பி கேட்டான். போனில் சொல்ல ஆரம்பித்து அரை மணி நேரம் ஓடிவிட்டது. அதைத்தான் இங்கே எழுதிவைக்கிறேன்.

2017இல் பெட்டி இல்லாமல் கேபிள் பார்க்கிற காலம் எங்கள் தெருவில் முடிந்தது. கேபிள்கார அண்ணன் வீடு வீடாக வந்து பெட்டியை வைத்துவிட்டுப் போனார். அவர் இருந்தவரை எந்தக் குறையும் இல்லை. மழைக்கும் படம் போகாது, போன் போட்டால் பைக்கில் வந்து நிற்பார். ஒரே தொல்லை கரண்ட். எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு, டிவி எரியும், ஆனால் படம் வராது. கேபிளில் வரும் சிக்னலைக் கூட்டிக் கொடுக்க ரெண்டு தெரு தள்ளிக் கம்பத்தில் இருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கு மின்சாரம் இல்லையென்றால் நம் இன்வெர்ட்டர் என்ன செய்யும்? பிறகு அண்ணன் லைனை விற்றுவிட்டார். புதிதாக வாங்கியவர் போனே எடுக்க மாட்டார். கேபிளை விட்டதற்குக் காரணம் இவ்வளவுதான்.

2019 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் புதிய கட்டண முறை வந்தது நினைவிருக்கும். அப்போது 100 சேனலுக்கு அடிப்படைக் கட்டணம் 130 ரூபாய், 18 சதவீத ஜி.எஸ்.டி.யோடு 153 ரூபாய் 40 காசு. அதற்கு மேல் கட்டணச் சேனல் ஒவ்வொன்றுக்கும் தனி விலை. எச்.டி. சேனல் ஒன்று எடுத்தால் அந்த 100 கணக்கில் இரண்டாக எண்ணினார்கள். அம்மா பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் பட்டியல் போட்டார். கடைசியில் பதினோரு சேனல்தான் தேறியது. அதுவரை நாங்கள் முந்நூறு சேனலுக்குக் காசு கட்டிக்கொண்டிருந்தோம்! கேபிளோ டி.டி.எச்.சோ, சேனலின் விலை ஒன்றுதான் என்று ஆனபிறகு மாத வாடகையை ஒப்பிட்டுப் பார்ப்பதில் பெரிய பொருள் இல்லாமல் போயிற்று. எது கெட்டால் யார் வந்து பார்ப்பார் என்பதுதான் மிச்சமிருந்த கேள்வி.

அந்தக் கோடையில் டி.டி.எச். போட்டோம். டிஷ் மாட்ட வந்த பையன் வேலையைப் பதினைந்து நிமிடத்தில் முடித்தான். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் இரண்டே போல்ட். முதல் ஆடிக்காற்றிலேயே டிஷ் ஒரு விரல் கடை திரும்பிவிட்டது. அப்போதுதான் ரிமோட்டில் சிக்னல் பக்கத்தைத் திறந்து பார்க்கக் கற்றுக்கொண்டேன். அதில் இரண்டு பட்டை இருக்கும். ஸ்ட்ரெங்த் என்பது எல்.என்.பி.யிலிருந்து (டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டு சிக்னலை வாங்குகிற உறுப்பு) ஏதோ வருகிறது என்று மட்டும் சொல்லும். டிஷ் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் அது பாதிக்கு மேல் காட்டும். பார்க்கவேண்டியது இன்னொரு பட்டையான குவாலிட்டி, அதாவது வருகிற சிக்னல் எவ்வளவு தெளிவு என்பது. வெயில் நாளில் அது நன்றாக உயர்ந்து நின்றால்தான் மழை நாளில் கொஞ்சம் இறங்கினாலும் படம் நிற்கும். இப்போது யார் வந்து மாட்டினாலும் அந்தப் பட்டையைக் காட்டச் சொல்லி, இன்னும் கொஞ்சம் திருப்பினால் ஏறுகிறதா பாருங்கள் என்று நச்சரித்துவிட்டுத்தான் அனுப்புவேன்.

மழை பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். குற்றாலச் சாரலுக்கு ஒருநாளும் படம் போனதில்லை. நாள் முழுக்கத் தூறினாலும் போகாது. ஐப்பசி, கார்த்திகையில் இடியோடு கொட்டும் மழைதான் எதிரி. நம் ஊர்ப்பக்கம் எந்த டி.டி.எச். ஆனாலும் டிஷ் ஏறக்குறைய அக்னி மூலையைப் பார்த்துத்தான் நிற்கும். அந்தப் பக்கம் ரெண்டு கிலோமீட்டர் தள்ளி மேகம் கொட்டினால் போதும். நம் முற்றத்தில் ஒரு சொட்டு விழுந்திருக்காது, படம் கட்டம் கட்டமாக உடையும். “மழை வருது, கொடியில கிடக்கிற துணிய எடு” என்று அம்மா சொல்வது இதைப் பார்த்துத்தான். வானிலை அறிக்கையைவிட இது சரியாக இருக்கிறது.

நாலாவது வருடம் பெட்டி தானாக அணைந்து அணைந்து எரிய ஆரம்பித்தது. கம்பெனியின் பெயர் வரும், கறுப்பாகும், மறுபடி பெயர் வரும். பார்க்க வந்தவர் போர்டு போய்விட்டது, புதுப் பெட்டி 1,500 ரூபாய் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு அடாப்டரைத் திருப்பிப் பார்த்தேன். 12 வோல்ட், 1.5 ஆம்பியர். வீட்டு வைஃபை ரூட்டரின் அடாப்டரும் அதே அளவு, பின்னும் பொருந்தியது. மாட்டினேன், பெட்டி ஓடியது. கடையில் 180 ரூபாய்க்குப் புது அடாப்டர் வாங்கிப் போட்டேன். அந்தப் பெட்டி இன்றும் ஓடுகிறது. அளவு பார்க்காமல் கையில் கிடைத்ததைச் செருகாதீர்கள், வோல்ட் ஒன்றாக இருக்கவேண்டும், ஆம்பியர் குறையக்கூடாது. இன்னொரு முறை படம் போனபோது காரணம் மாடியில் இருந்தது. எல்.என்.பி.யில் திருகும் கனெக்டருக்குள் தண்ணீர் இறங்கி, நடுச் செம்புக் கம்பி பச்சை பிடித்துப் பொடியாக உதிர்ந்தது. நுனியை இரண்டு அங்குலம் வெட்டி, புதுக் கனெக்டர் போட்டு, ரப்பர் டேப் சுற்றினேன். செலவு இருபது ரூபாய்.

தோட்டத்து வீட்டுக் கதை வேறு. அப்பா தண்ணீர் பாய்ச்சப் போனால் அங்கேயே தங்கிவிடுவார். அவருக்காகத்தான் ஃப்ரீ டிஷ். டிஷ், பெட்டி, ஒயர், கூலி எல்லாம் சேர்த்து 1,800 ரூபாய் ஆயிற்று. அதற்குப் பிறகு ஒரு பைசா கிடையாது. டிடி தமிழ், செய்தி, கிரிக்கெட், அவருக்கு அது போதும். கிரிக்கெட்டில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இந்திய அணி ஆடும் ஒருநாள், டி20 ஆட்டங்களைத் தனியார் சேனல் வாங்கியிருந்தாலும் 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி தூர்தர்ஷனோடு பகிரவேண்டும். ஆனால் அந்த ஒளிபரப்பு தூர்தர்ஷனின் தரைவழிச் சேவையிலும் (ஆன்டெனாவில் பிடிப்பது) ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டுமே போகலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே மாதம் முந்நூறு ரூபாய் கட்டும் என் பெட்டியில் டிடி ஸ்போர்ட்ஸில் அந்த ஆட்டம் வராது, அப்பாவின் ஓசிப் பெட்டியில் வரும். இதைச் சொல்லிச் சொல்லி என்னைக் கிண்டல் செய்கிறார்.

அம்மாவுக்கு ஃப்ரீ டிஷ் ஆகாது. சன் டிவி, விஜய் எதுவும் அதில் கிடையாது, பெரும்பாலும் இந்திச் சேனல்கள். சீரியல் பார்க்கிறவர்கள் இருக்கும் வீட்டில் இதை வாங்கினால் ஒரே வாரத்தில் சண்டை வரும்.

ஃப்ரீ டிஷ் பெட்டி வாங்கும்போது எம்பெக்-4 (படத்தைச் சுருக்கி அனுப்பும் புதிய முறை) என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பழைய முறையான எம்பெக்-2 மட்டும் உள்ள மலிவுப் பெட்டியில் சில சேனல்கள் திறக்கவே திறக்காது. பழைய டிவி என்றால் இன்னொரு சிக்கல். தோட்டத்தில் இருப்பது ரேஷன் கார்டுக்குக் கொடுத்த அந்த 14 அங்குல இலவசக் கலர் டிவி. எச்.டி.எம்.ஐ. துளை கிடையாது. பெட்டியிலோ ஹெட்போன் துளை போல ஒரு சின்ன ஏ.வி. துளை. வீட்டில் கிடந்த ஒயரைப் போட்டால் படம் இல்லை, “ர்ர்ர்” என்று உறுமல் மட்டும். மஞ்சள் பின்னையும் சிவப்புப் பின்னையும் இடம் மாற்றிச் செருகியதும் படம் வந்தது. எல்லா ஒயரும் ஒரே மாதிரி உள்ளே இணைக்கப்படுவதில்லையாம். இது தெரியாமல் அப்பா ஒரு வாரம் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார்.

பங்குனித் தொடக்கத்திலும் புரட்டாசியிலும் சில நாள், பகல் பதினொரு மணி வாக்கில் சில நிமிடம் படம் தடுமாறலாம். சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வருகிற நேரம் அது. மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டாம், டீ குடித்துவிட்டு வந்தால் சரியாகியிருக்கும்.

தம்பி மனைவியும் சீரியல் ரசிகைதான் என்பதால் அவனுக்கு டி.டி.எச். என்று முடிவாயிற்று. மொட்டைமாடியின் அக்னி மூலையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். பக்கத்து வீட்டுத் தென்னை மட்டை ஒன்று சுவரைத் தாண்டித் தலைக்கு மேலே சாய்ந்து நிற்கிறது. மட்டையை வெட்டக் கேட்டால் வம்பு வரும் என்கிறான். டிஷ்ஷைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நகர்த்தச் சொல்லியிருக்கிறேன். எட்டு மீட்டர் ஒயர் கூடுதலாகப் பிடிக்கும்.