சத்தம் போடும் வாஷிங் மெஷின்: நாமே பார்ப்பதா, மெக்கானிக்கா?

காரைக்குடிப் பக்கம் பழைய வீடுகளில் மெஷினை இரண்டாங்கட்டு (இரண்டாவது முற்றம்) ஓரத்தில் வைத்திருந்தால், ஆத்தங்குடித் தரைக்கல்லோ வழவழப்பு, தரையோ தண்ணீர் ஓடுவதற்காக லேசாகச் சரிந்திருக்கும். துணி பிழியும்போது மெஷின் தடதடவென்று நகர்ந்து வந்தால் முதல் சந்தேகம் கால்மட்டத்தின் மேல்தான். இதற்குப் போய் மெக்கானிக்கைக் கூப்பிடுவது தண்டச் செலவு. கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கி மேலே வைத்து, ஆடும் காலைத் திருகி உயர்த்தி, லாக் நட்டை இறுக்கி, அடியில் ரப்பர் பேட் கொடுத்தால் சரி. கனமான போர்வை ஒன்றை மட்டும் தனியாகப் போட்டாலும் இதே ஆட்டம் வரும். கலகலவென்றால் சட்டைப்பையில் கிடந்த காசாக இருக்கலாம்: முன்பக்கம் கதவுள்ள ஃப்ரண்ட் லோட் என்றால் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, கீழே சின்ன மூடிக்குள் இருக்கும் ஃபில்டரைக் கழற்றுங்கள், தண்ணீர் கொட்டும், தட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மெக்கானிக் எப்போது? காலி டிரம்மைக் கையால் சுற்றும்போதே கரகரவென்று அரைத்தால் பெரும்பாலும் டிரம் சுழலத் தாங்கும் பேரிங் போச்சு. தொட்டியையே இறக்க வேண்டிய வேலை, சில மாடல்களில் அதைப் பிரிக்கவும் முடியாது. வருகிறவரிடம், பேரிங்கில் தண்ணீர் புகாமல் தடுக்கும் ஆயில் சீலும் சேர்த்து மாற்றுவாரா என்று முதலிலேயே கேளுங்கள். பழைய சீல் கசிந்தால் புதுப் பேரிங்கும் துருப்பிடிக்கும்.