டயாலிசிஸ் நோயாளிக்கு எக்ஸ்ரேயா, சி.டி. ஸ்கேனா?

பாலக்காட்டு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு சி.டி. ஸ்கேன் என்றால் பாலக்காடோ கோவையோ போக வேண்டும். ஒரு நாள் கூலி போய்விடும். எக்ஸ்ரே அருகிலேயே முடிந்துவிடுகிறது. அப்படியானால் உடம்பில் கால்சியம் படிந்திருக்கிறதா என்று பார்க்க எதை எடுப்பது?

சிறுநீரகம் செயலிழந்தால் இரத்தத்தில் பாஸ்பரஸ் ஏறும். அது கால்சியத்தோடு சேர்ந்து இரத்தக் குழாய்ச் சுவரிலும் மூட்டுகளைச் சுற்றியும் படிகிறது. வயிற்றைப் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுத்தால், முதுகெலும்புக்கு முன்னால், இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய இரத்தக் குழாயான மகாதமனியின் படிவு ஏறிய சுவர் வெள்ளைக் கோடுகளாகத் தெரியும். படிவின் அளவுக்கு 0 முதல் 24 வரை மதிப்பெண் போடும் முறை உண்டு. சி.டி.க்குப் பதிலாக இந்த எக்ஸ்ரேயையும், இதயத்தை ஒலி அலையால் பார்க்கும் எக்கோவையும் ஏற்கலாம் என்கிறது, சிறுநீரக நோய்க்கான சர்வதேச அமைப்பான கே.டி.ஐ.ஜி.ஓ. 2009இல் வெளியிட்ட வழிகாட்டி. மெல்லிய படிவு மட்டும் எக்ஸ்ரேயின் கண்ணுக்குத் தப்பிவிடும்.

சி.டி.யின் அருமை, மூட்டைச் சுற்றிக் கால்சியம் சேர்ந்து தோளிலும் இடுப்பிலும் உண்டாகும் கட்டிகளில் தெரியும். நோயாளி மல்லாந்து படுத்திருக்க, கட்டியின் அறைகளுக்குள் கால்சியம் சுண்ணாம்புத் தெளிவில் மண்டி இறங்குவதுபோல் அடியில் தங்கி, மேலே நீர் நிற்கும். நடுவே மட்டமான ஒரு கோடு. எக்ஸ்ரேயில் பெரும்பாலும் வெறும் வெள்ளைத் திரள்தான். கதிர்வீச்சும் செலவும் சி.டி.யில் கூடுதல். 'ஸ்கேன் மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும்' என்று சிலர் பின்வாங்குகிறார்கள். படிவைப் பார்க்க மட்டும் அந்த மருந்து ஊசி தேவையே இல்லை.

என் கட்சி எக்ஸ்ரே. கட்டியை அறுவை செய்யும் பேச்சு வந்தால் மட்டும் கோவைக்கு பஸ் ஏறுங்கள்.