லினன் துண்டுக்காக வாங்கிய 24 அங்குல மேசைத்தறி

கோத்தகிரியில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் ருசி பார்க்கும் அறையில் 19 வருடம் இருந்தேன். வெள்ளைப் பீங்கான் கோப்பைகளைக் கழுவித் துடைத்து அடுக்குவது என் முதல் வேலை. பருத்தித் துண்டு புதிதாக இருந்தால் பஞ்சுத் தூசி விட்டுப்போகும். வெள்ளைக் கோப்பையில் அது அப்படியே தெரியும். லினன், அதாவது ஆளிச்செடி நாரில் நெய்த துண்டில் அந்தத் தொல்லை இல்லை. ஓய்வு பெற்றதும் அப்படி ஒன்றை வீட்டிலேயே நெய்ய வேண்டும் என்று மனதில் இருந்தது. அப்பா சென்னிமலையில் குழித்தறி நெய்தவர். சின்ன வயதில் அவருக்குத் தார், அதாவது நாடாவுக்குள் போகும் நூல் கண்டு, சுற்றியவன் என்பதால் பாவும் (நீளவாட்டு இழை) ஊடையும் (குறுக்கு இழை) எனக்குப் புதிதில்லை.

தறி 16,500 ரூபாய். பிரித்த பலகைகளாக வந்தது, பூட்ட ஒரு மாலை போதும். மிதி கிடையாது, பாவு இழைகளைத் தூக்கி இறக்கும் தனி விழுதும் கிடையாது. இழைகளைப் பிரித்து நிறுத்தும் சீப்பு மாதிரியான அச்சிலேயே துளையும் இடைவெளியும் மாறி மாறி இருக்கின்றன; அதைத் தூக்கினால் ஊடை போக ஒரு வழி, இறக்கினால் இன்னொரு வழி. மரம் நல்ல மரம். வாங்குகிறவர்கள் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: கூடவே வரும் அச்சு அங்குலத்துக்கு 7.5 இழைதான். கம்பளி சால்வைக்கு அது சரி. துண்டு நெய்தால் சல்லடை மாதிரி வரும். நீலகிரித் தோடர்கள் போர்த்துகிற பூத்தையல் போட்ட பூத்துக்குளித் துணியில் இழையை எண்ணித் தைக்க வேண்டும், அங்கே தளர்வு அழகு. ஈரம் துடைக்கிற துணிக்கு நெருக்கம் வேண்டும். 12.5 அச்சைத் தனியாக 2,200 கொடுத்து வாங்கினேன்.

முதலில் பாவும் ஊடையும் முழுக்க லினனாகவே போட்டேன். அங்கேதான் தறி கைவிட்டது. லினன் இழுத்தால் நீளாது. பாவு சுற்றும்போது ஓர் இழை தளர்ந்துவிட்டால் கடைசி வரை தளர்ந்தே கிடக்கும். பருத்தி மாதிரி தானாகச் சமாளித்துக்கொள்ளாது. சரி, இன்னும் விறைப்பாக இழுப்போம் என்று முறுக்கினால், நெய்த துணி சுற்றிக்கொள்ளும் படமரத்தின் பல்சக்கரத்தைப் பிடிக்கிற பிளாஸ்டிக் கொக்கி நழுவியது. சொன்னதும் விற்றவர்கள் மறுபேச்சில்லாமல் வேறு கொக்கி அனுப்பினார்கள். அதுவும் பிளாஸ்டிக். கடைசியில் லேத் பட்டறையில் 350 ரூபாய்க்கு இரும்பில் செய்து மாட்டினேன். அதற்கப்புறம் நழுவவில்லை. இந்த விலைக்கு அதை அவர்களே செய்து தந்திருக்க வேண்டும்.

அடுத்த பாவுக்கு 2/20 பருத்தி நூலை (20ஆம் நம்பர் நூல் இரண்டை முறுக்கியது) இரண்டிரண்டாகச் சேர்த்துப் போட்டேன். அச்சில் 20 அங்குல அகலம், 250 இடம், ஆக 500 இழை. மூன்று துண்டுக்கு மூன்றேகால் மீட்டர் நீளம். பாவு நூல் 100 கிராமுக்குள் முடிந்துவிட்டது. ஊடைக்கு 25 லீ லினன் (லீ என்பது லினன் நூலின் மென்மைக் கணக்கு), அதுவும் இரட்டையாக. இந்தச் சேர்மானத்தில்தான் இந்தத் தறி தன் அருமையைக் காட்டியது. அச்சால் ஒருமுறை தட்டினாலே ஊடை போய் உட்காருகிறது, கரையும் நேராக நிற்கிறது. ஒரு துண்டுக்கு மூன்று மணி நேரம் ஆகிறது. கோடு, கட்டம் எல்லாம் அழகாக வரும். ட்வில் மாதிரி சாய்வு நெசவு வேண்டுமென்றால் நான்கு விழுதுத் தறி பார்ப்பது நல்லது.

லினனுக்கு ஈரம் பிடிக்கும். நனைந்தால் இன்னும் வலுவாகிற நார் அது. ஐப்பசி, கார்த்திகையில் ஜன்னல் வழியாக மஞ்சு உள்ளே வரும்போது நூல் மெத்தென்று வளைந்து கொடுக்கிறது. தை மாதம் இரவில் உறைபனி, பகலில் காய்ச்சல் வெயில். அப்போது நூல் மயிர்மயிராகச் சிலிர்த்து நிற்கும். ஊடை நூலை ஈரத்துணியில் அரைமணி நேரம் சுற்றி வைத்தால் பழையபடி படிந்துவிடும். ஆனால் மழைக்காலத்தில் பாதி நெய்த துணியைத் தறியில் விடாதீர்கள். போன கார்த்திகையில் ஒரு கல்யாணத்துக்காகப் பத்து நாள் ஊருக்குப் போனேன். திரும்பி வந்தால் படமரத்தில் சுற்றியிருந்த துண்டு முழுக்கக் கரும்புள்ளி, பூசணம். எவ்வளவு துவைத்தும் போகவில்லை. மூன்று மணி நேர வேலை, இன்னும் மனசு ஆறவில்லை.

புதுத் துண்டு தண்ணீரை உறிஞ்சவில்லையே என்று பயப்பட வேண்டாம். நாலைந்து தடவை வெந்நீரில் துவைத்தால் குழைந்து வரும். 20க்கு 30 அங்குலம் நெய்தது 18க்கு 27 ஆனது. அப்போது ஒரு கண்ணாடி டம்ளரைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு தூசி இல்லை.

அடுத்த பாவுக்கு நூல் சொல்லியாகிவிட்டது. இந்த முறை இரண்டு ஓரத்திலும் சிவப்புக் கோடு.