கருமூங்கில் வைக்கலாம் என்றால்: ஜாவாவா, டிமோரா?

தை பிறந்ததும் எங்கள் தோட்டத்தில் முதல் வேலை மூங்கில் வெட்டுவதுதான். இந்த வருடம் ஏழு கழி. வெட்டி இழுத்து வேலியோரம் சாய்த்து வைத்திருந்ததைப் பார்த்த பக்கத்துத் தோட்டத்துக்காரர், "ஏனுங்க, இதுக்கு பெயிண்ட் அடிச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். அந்தக் கருப்பு இயற்கையானது என்று நம்ப வைக்கவே ஐந்து நிமிடம் ஆயிற்று. அடுத்த கேள்வி வழக்கமானது: எந்த ரகம் வாங்குவது?

உடுமலைப் பக்கம் எங்கள் நிலம். மழை குறைவு, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அதிகம். இந்த மாதிரிச் சூட்டு ஊர்களுக்குக் கருமூங்கிலில் உண்மையான போட்டி இரண்டே இரண்டுக்குத்தான். படங்களில் அதிகம் காணும் மெல்லிய சீனக் கருமூங்கில், ஃபிலோஸ்டாக்கிஸ் நைக்ரா, குளிர் தேசத்துச் சரக்கு. கொடைக்கானல், ஊட்டி என்றால் யோசிக்கலாம், சமவெளியில் வாடும். அதோடு அது குத்தாக நிற்காமல் மண்ணுக்குள் ஓடிப் பரவும் ஜாதி. இன்னொன்று ராட்சத மூங்கிலான ஆஸ்பரின் கருப்பு வகை. அதற்குத் தோப்பு வேண்டும், வீட்டுத் தோட்டம் போதாது.

மிஞ்சுவது ஜாவா கருப்பும் டிமோர் கருப்பும். முதலாவது கிகாண்டோக்ளோவா அட்ரோவயலேசியா, இரண்டாவது பம்பூசா லாகோ. இரண்டுக்கும் அறிவியல் பெயர் வைத்தவர் ஒருவரே, இந்தோனேசியத் தாவரவியலாளர் எலிசபெத் விட்ஜாஜா. ஜாவாவுக்கு 1987இல், டிமோருக்கு 1997இல். இரண்டுமே குத்தாக வளர்பவை, முள் கிடையாது. வேர் ஓடி வீட்டு அஸ்திவாரத்தைப் பிளந்துவிடும் என்ற பயம் வேண்டாம். மதிலிலிருந்து பத்தடி தள்ளி வைத்தால் போதும். பாம்பு வருமா என்றால், கீழே குப்பை சேரவிட்டால் எந்தப் புதருக்கும் வரும்.

அழகு என்று மட்டும் பார்த்தால் டிமோர்தான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எண்ணெய் தடவிய கருங்காலி போல மின்னும், அங்கங்கே மெல்லிய பச்சைக் கோடு ஓடும். ஜாவாவின் கருப்பு கொஞ்சம் மங்கல். நாவல்பழமும் கரியும் கலந்த நிறம். இளங்கழியில் பழுப்பு ரோமம் ஒட்டியிருக்கும், அடிக்கணுக்களில் குட்டி வேர்கள் துருத்திக்கொண்டு நிற்கும். பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் பத்தில் எட்டுப் பேர் டிமோரைத்தான் கேட்பார்கள்.

நானும் அதைத்தான் கேட்டேன். ஒரு நர்சரியில் டிமோர் என்று சொல்லி, ஜாவாவைவிட மூன்று மடங்கு விலைக்கு இரண்டு கன்று கொடுத்தார்கள். மூன்று வருடம் சொட்டுநீர் போட்டு வளர்த்தேன். சாதாரணப் பச்சை மூங்கிலாக நின்றது. இதில் அவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, தொட்டியில் இருக்கும் வயதில் எல்லா மூங்கிலும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். கன்று எடுத்த தாய்க்குத்தைக் காட்டச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அதைப் பிடுங்கிவிட்டு, தாய்க்குத்தைக் கண்ணால் பார்த்து வாங்கி வைத்ததுதான் இப்போது நிற்கும் ஜாவா. வைத்து எட்டு வருடம் ஆகிறது.

வாங்குபவர்கள் யாரும் கேட்காத விஷயம் ஒன்று உண்டு. கருமூங்கில் எப்போதும் கருப்பாக இருப்பதில்லை. குருத்து பச்சையாகத்தான் வரும். கருக்கச் சில மாதங்கள் ஆகும், எங்கள் தோட்டத்தில் சில கழிகள் முழுதாகக் கருக்க ஒரு வருடம்கூட எடுத்துக்கொண்டன. அப்புறம் இரண்டு மூன்று வருடம் நல்ல நிறம். அதைத் தாண்டினால் வெயில் பட்டு வெளுக்கும், மேலே சாம்பல் படை படரும். ஆக, எதையும் வெட்டாமல் விட்ட குத்தில் பத்தாம் வருடம் நீங்கள் பார்க்கப்போவது வெளியே நரைத்த கிழக்கழிகள், அவற்றுக்கு நடுவே ஒளிந்திருக்கும் கருப்பு. நெருக்கம் கூடினால் உள்ளே காற்றோட்டம் இருக்காது, காய்ந்த கழிகள் சிக்கி நிற்கும், புதுக்குருத்துக்கு இடமில்லாமல் கோணலாக வரும். இது இரண்டு ரகத்துக்கும் பொது.

எனவே ரகத்தைத் தேர்வு செய்யும்போது உண்மையில் கேட்க வேண்டியது, வருடா வருடம் நான்கு வயதைத் தாண்டிய கழிகளை யார் வெட்டி வெளியே எடுப்பது என்பதுதான்.

வெட்டுவது சுலபம், ஒரு கைரம்பம் போதும். இழுப்பதுதான் கஷ்டம். அடியில் அறுத்தாலும் கழி விழாது, உச்சியில் மற்ற கழிகளின் கிளையோடு பின்னிக்கொண்டு நிற்கும். எங்கள் வறண்ட மண்ணில் ஜாவா முப்பதடியோடு நின்றுவிட்டது, கழியின் குறுக்களவு இரண்டு அங்குலம். புத்தகக் கணக்குப்படி அது 15 மீட்டர் வரை போகக்கூடியது. ஆனால் வறண்ட இடத்தில் குட்டையாகும், நிறம் இன்னும் கூடும். நமக்கு அது லாபம்தான். ஆளுயரத்துக்கு மேல்தான் கிளை பிரிகிறது என்பதால் உள்ளே குனிந்து ரம்பம் வைக்கவும் இடம் இருக்கிறது. அடியை அறுத்து, தோளில் வைத்துப் பின்னால் நடந்தால் வந்துவிடும். ஐம்பத்தெட்டு வயதில் நான் தனியாகத்தான் செய்கிறேன்.

ஆனைமலைப் பக்கம் நண்பர் ஒருவர் டிமோர் வைத்திருக்கிறார். நல்ல மழை, வாய்க்கால் ஈரம். அவருடையது ஆறாம் வருடமே ஐம்பதடியைத் தொட்டுவிட்டது, கழி கைக்கு அடங்காத பருமன். போன தையில் நானும் போயிருந்தேன். ஒரு கழியை இறக்க இரண்டு ஆள், ஒரு கயிறு, அரைமணி நேரம். அதுவும் ஓட்டின் மேல் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு குத்தை மட்டும் பார்த்துவிட்டு இப்படிச் சொல்வது முழு நியாயம் ஆகாது. டிமோரை என் மண்ணில் வைத்திருந்தால் அதுவும் குறுகியிருக்கலாம். ஆனால் கூலி ஆள் கிடைக்காத காலத்தில் நான் என் தோளை நம்பித்தான் முடிவெடுக்க முடியும்.

வெட்டும்போது தரையை ஒட்டி, ஒரு கணுவுக்குச் சற்று மேலே அறுக்க வேண்டும். குழியாக விட்டால் தண்ணீர் தேங்கிக் கொசு வளரும். ஜாவாவில் அங்க்லுங் என்ற இசைக்கருவியை இதே மாதிரிக் கருமூங்கிலில்தான் செய்கிறார்கள். அங்கே தரையிலிருந்து குறைந்தது மூன்று கணு விட்டு வெட்டுவது மரபு, சில்வண்டு பாடும் இரண்டு வாரத்தில்தான் அறுவடை. அவர்களுக்கு அது சரி. நம் வீட்டு வாசலில் மூன்று கணு மொட்டையாக நின்றால் அடுத்த வருடம் உள்ளே கை நுழையாது.

சொந்த நிலத்து மூங்கிலை வெட்ட வனத்துறை அனுமதி வேண்டுமா என்று இன்னும் கேட்கிறார்கள். வனத்துக்கு வெளியே வளரும் மூங்கிலை 2017இல் மரம் என்ற வரையறையிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். தென்மேற்குப் பருவமழையோடு குருத்து கிளம்பும், ஆடிக்குள் இருபதடி ஏறிவிடும், ஆனால் உள்ளே இன்னும் இளசு. ஆடிக்காற்று சும்மா விடுமா? வருடம் ஒன்றிரண்டு குருத்தின் தலை முறிகிறது. மேற்கே சுவரோ தென்னையோ மறைப்பாக இருந்தால் நல்லது. தண்ணீர் முதல் இரண்டு கோடைக்குத்தான் கண்டிப்பாக வேண்டும், அப்புறம் வாரம் ஒரு முறை போதும். உதிரும் சருகைக் கூட்டி எரிக்காமல் அடியிலேயே பரப்பிவிடுங்கள், ஈரம் காக்கும். சருகு கொஞ்ச நஞ்சமல்ல, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் எந்த ரகத்தையும் வைக்காதீர்கள்.

பெரிய இடமும் ஈரமும் வெட்ட ஆளும் இருந்தால் டிமோரே வையுங்கள், வாசலில் அதற்கு ஈடில்லை. எனக்கு அந்த மூன்றும் இல்லை. ஆனாலும் ஆசை விடவில்லை. போன தையில் கயிறு பிடித்ததற்குக் கூலியாக நண்பர் ஒரு டிமோர் கன்று கொடுத்தார், பதிலுக்கு என்னிடம் ஜாவா கேட்டிருக்கிறார். கிணற்றடி மூலையில் வைத்திருக்கிறேன். ஒரு வருடம் ஆகிவிட்டது, விரல் பருமனில் பச்சையாகவே நிற்கிறது. இந்த முறை தாய்க்குத்தைப் பார்த்தாயிற்று என்பதால் காத்திருக்கிறேன்.