மாறும் விசைக் கணக்குக்கு லிப்ரே ஆபீஸ் கால்க் எப்படி?

இலவச விரிதாள்தான், இயக்கக் கணக்குக்கென்று செய்ததல்ல. ஆனாலும் விசை நேரத்தோடு மாறும்போது என்ன நடக்கிறது என்பதைப் பிளஸ் ஒன் மாணவருக்குக் கண்முன் காட்ட இதுவே போதும்.

2 கிலோ வண்டி ஓய்விலிருந்து கிளம்புகிறது. விசை, நேரத்தைப் போல் 6 மடங்கு நியூட்டன். 2 வினாடி முடிவில் முடுக்கம் 6. அதை அப்படியே 'வி = யு + ஏடி'யில் போட்டால் திசைவேகம் 12 வரும். அது தவறு, முடுக்கம் மாறாதபோதுதான் அந்தச் சூத்திரம் செல்லும். தொகையிட்டால், அதாவது சின்னச் சின்ன நேரத்துண்டுகளாகக் கூட்டினால், சரியான விடை 6 மீ/வி, தூரம் 4 மீட்டர்.

கால்க்கில் நேரம், விசை, முடுக்கம், திசைவேகம், இடப்பெயர்ச்சி என்று ஐந்து நிரல் போதும். நிறையையும் நேர இடைவெளியையும் ஓரத்துச் செல்களில் வைத்து, சூத்திரத்தில் அந்தச் செல் முகவரி நகராமலிருக்க டாலர் குறியோடு எழுதுங்கள். டாலர் விட்டுப்போனால், கீழே இழுத்ததும் நிறைக்குப் பதில் வெற்றுச் செல் வந்து சுழியால் வகுக்கும்.

இடைவெளி 0.1 வினாடி. ஒவ்வொரு வரியிலும் திசைவேகத்துக்கு முந்தைய முடுக்கத்தையும், தூரத்துக்கு முந்தைய திசைவேகத்தையும் மட்டும் எடுத்து இடைவெளியால் பெருக்கிக் கூட்டினால் திசைவேகம் 5.7, தூரம் 3.42 என்று குறைவாகவே வரும். விசை ஏறிக்கொண்டே போக, நாம் பழைய மதிப்பையே பிடித்திருப்பதுதான் காரணம். முந்தைய, இப்போதைய மதிப்புகளின் சராசரியை எடுங்கள்: திசைவேகம் சரியாக 6, தூரம் 4.005. சூத்திரத்தில் இவ்வளவு சின்ன மாற்றத்துக்கு இத்தனை பலன் என்பதை மாணவர் தாமே இழுத்துப் பார்க்க வேண்டும்.

விசை திடீரென நிற்கும் கணக்கில் கவனம் தேவை. 1.25 வினாடியில் நிற்கும் விசைக்கு 0.1 இடைவெளி பொருந்தாது, 0.05 வையுங்கள். அப்போதும் நிற்கும் அந்த வரியில் சராசரி எடுத்தால் விசை பாதியாகிவிடும். அந்த ஒரு வரியின் திசைவேகச் சூத்திரத்தில் மட்டும் சராசரிக்குப் பதில் முந்தைய வரியின் முடுக்கத்தையே கொடுங்கள்.

காற்றுத்தடை வந்தால் சிக்கல். முடுக்கத்துக்குத் திசைவேகம் வேண்டும், திசைவேகத்துக்கு முடுக்கம் வேண்டும் என்று சுற்றிக்கொண்டு 522 என்ற பிழை எண் வரும். பழைய முடுக்கத்தால் ஒரு தோராயத் திசைவேகம் கணக்கிடும் நிரலை நடுவில் சேர்த்து, தடையை அதிலிருந்து எடுத்தால் தீரும்.

வரைபடத்துக்கு 'எக்ஸ் ஒய்' வகையைத் தேர்ந்தெடுங்கள். கோட்டு வகையில் நேரமும் இன்னொரு கோடாகிவிடும்.

கால்க் எண்ணைத் தரும், சமன்பாட்டைத் தராது. தேர்வுத் தாளில் தொகையீட்டைக் கையால்தான் போட வேண்டும்.