டிகிரி முடித்த பிள்ளைக்கு எது: விப்ரோவா, அப்ரண்டிஸா, எம்எஸ்சியா?

பிஎஸ்சி கணிதம் கடைசி செமஸ்டர் எழுதிவிட்டு வந்த மாணவி ஒருத்தி, நோட்டின் பின்பக்கத்தை என்னிடம் காட்டினாள். மூன்று கட்டம் போட்டிருந்தாள். ஐடி கம்பெனி விப்ரோ 15,000, அப்ரண்டிஸ் பயிற்சி 9,000, எம்எஸ்சி 250. எல்லாம் மாதக் கணக்கு. அப்பா கட்டட வேலை, தம்பி பிளஸ் டூ. "சார், இதுல எதுக்குப் போகட்டும்?"

கணக்கு சரிதான். ஆனால் ஒரு வரி விட்டுப்போயிருந்தது. நடுவில் விட வேண்டி வந்தால் கையில் என்ன மிஞ்சும்? வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் முதலில் நிற்பது இந்த மாதிரி வீட்டுப் பிள்ளைகளின் படிப்புதான். அதனால் நான் அந்த வரியிலிருந்துதான் ஆரம்பிப்பேன்.

விப்ரோவின் 'வில்ப்' திட்டம் பிஎஸ்சி, பிசிஏ முடித்தவர்களை வேலைக்கு எடுத்து, நிறுவனத்தின் செலவிலேயே எம்டெக் படிக்க வைக்கிறது. அண்மை அறிவிப்புகளின்படி உதவித்தொகை முதல் ஆண்டு மாதம் ₹15,000, நான்காம் ஆண்டு ₹23,000. சேரும்போது ₹75,000 போனஸ். சாதி, வருமானச் சான்றிதழ் எதுவும் வேண்டாம். ஆனால் 60 சதவீத மதிப்பெண் வேண்டும், டிகிரியில் கணிதம் ஒரு பாடமாக இருந்திருக்க வேண்டும். பிசினஸ் மேத்ஸ் செல்லாது. தமிழ் வழியில் படித்த பலர் ஆங்கில நேர்காணலிலேயே நின்றுவிடுகிறார்கள் என்பது என் அனுபவம்.

இதில் உள்ள கட்டு 60 மாத ஒப்பந்தம். இடையில் விலகினால் போனஸை மீதி மாதக் கணக்குப்படி திருப்பிக் கட்ட வேண்டும். எம்டெக்கும் முழுதாக முடித்தால்தான் உண்டு. வாரம் முழுக்க வேலை, விடுமுறை நாளில் வகுப்பு. அந்த ₹75,000 வந்த வாரமே வீட்டில் இருக்கும் கடன்களுக்குப் போய்விடும், அதில் தப்பே இல்லை. ஆனால் அப்புறம் விலக நினைத்தால் அதே பணம் காலைப் பிடித்து இழுக்கும். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒப்பந்தத்தை வீட்டில் உட்கார்ந்து தமிழில் சொல்லிக் காட்டு என்று அவளிடம் சொன்னேன்.

அப்ரண்டிஸ் வழி வேறு மாதிரி. 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் ஓராண்டுப் பயிற்சி. 2019 விதிகளின்படி பட்டதாரிக்குக் குறைந்தபட்சம் மாதம் ₹9,000, அதில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. நெய்வேலி என்எல்சியும் அரசுப் போக்குவரத்துக் கழகங்களும் இன்ஜினியரிங் அல்லாத பட்டதாரிகளையும் எடுக்கின்றன. விண்ணப்பம் 'நாட்ஸ்' என்ற மத்திய அரசின் அப்ரண்டிஸ் தளத்தில், தென் மண்டல அலுவலகம் சென்னை தரமணியில். பயிற்சி முடிந்ததும் வேலை தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. இதைத் தெரியாமல் போய் ஏமாந்தவர்கள் உண்டு. ஆனாலும் ஓராண்டுதான், கையில் ஒரு சான்றிதழ். மேற்படிப்பைத் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் போன்ற ஒன்றில் தொலைநிலையில் வைத்துக்கொள்ளலாம். உள்ளூரிலேயே இடம் கிடைத்தால் ₹9,000 ஓரளவு மிஞ்சும். சென்னையில் ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்குமே சரியாகிவிடும்.

எம்எஸ்சியின் 250 எப்படி வந்தது? பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் எஸ்சி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் வீட்டிலிருந்து போய்வரும் கலை அறிவியல் மாணவருக்கு ஆண்டுப் படி ₹3,000. அதைத்தான் 12-ஆல் வகுத்திருந்தாள். விடுதியில் தங்கினால் ₹6,000. கட்டாயக் கட்டணங்கள் தனியாகத் திரும்பக் கிடைக்கும். குடும்ப ஆண்டு வருமானம் ₹2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அதுவரை மாதாமாதம் வந்துகொண்டிருந்த மாநில அரசின் புதுமைப்பெண் திட்ட ₹1,000 இளங்கலையோடு நின்றுவிடும். எனக்கு இது உண்மையிலேயே வருத்தம். பணம் அதிகம் தேவைப்படும் நேரத்தில் குழாய் அடைபடுகிறது. இருந்தாலும் அரசு விடுதியில், இப்போது சமூக நீதி விடுதி என்கிறார்கள், இடம் கிடைத்தால் தங்கலும் சாப்பாடும் இலவசம். ஆசிரியர் வேலையோ ஆராய்ச்சியோ கனவாக இருந்தால் இதை விடக் கூடாது.

அவளுக்கு நான் சொன்னது, முதலில் விப்ரோ தேர்வை எழுது. கிடைத்து, ஐந்து வருடம் தாங்கும் என்று வீடும் சொன்னால் போ. இல்லாவிட்டால் ஓராண்டு அப்ரண்டிஸ். வெறும் 250-ஐ நம்பி, பிடிக்காத எம்எஸ்சியில் மட்டும் ஒதுங்காதே.

கிளம்பும்போது தம்பியைப் பற்றிக் கேட்டாள். பிளஸ் டூவில் கணிதத்தோடு 60 சதவீதம் எடுத்த எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்கு எச்சிஎல் ஐடி நிறுவனத்தின் டெக்பீ பயிற்சிக் கட்டணத்தை மாநில அரசின் ஆதிதிராவிடர் மேம்பாட்டுக் கழகமான தாட்கோ கட்டுகிறது. குடும்ப வருமானம் ₹3 லட்சத்துக்குள் இருந்தால் போதும். ஓராண்டுப் பயிற்சி, அப்புறம் வேலை, கூடவே சாஸ்த்ரா, பிட்ஸ் பிலானி போன்ற இடங்களில் பட்டப்படிப்பு. தொடக்கச் சம்பளம் ஆண்டுக்கு ₹1.7 லட்சத்திலிருந்து ₹2.2 லட்சம் வரை.

நோட்டில் நான்காவது கட்டம் போட்டுக்கொண்டாள். இந்த முறை மாதப் பணத்துக்குக் கீழே, நான் சொல்லாமலே, "நடுவுல விட்டா?" என்று ஒரு வரி சேர்த்தாள்.